மாத்திரைக்குள் ஒரு கற்கண்டு

“மருந்தின் பெயர் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் ஒரு மாத்திரை சீக்கிரம் கேட்கிறது; இன்னொன்று கேட்கவே மாட்டேன் என்கிறது. இது உண்மையா, மனப்பிரமையா?” இப்படிக் கேட்கும் வாசகர்கள் பலர். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் பெண்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

பெரும்பாலும் இது பிரமைதான். நோயின் வேகம் ஒரு தடவை இருப்பதுபோல் மறு தடவை இருப்பதில்லை; உடம்பின் நிலையும் அப்படியே. ஆனால் எப்போதும் பிரமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரே மருந்து, ஒரே எடை, கலப்படம் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் ஒன்று வேலை செய்து மற்றொன்று வேலை செய்யாமல் போன சம்பவங்கள் வைத்திய வரலாற்றில் உண்டு. அதற்கு ஒரு முக்கியமான காரணம் மருந்தின் படிகம். மலேரியா மருந்தை உதாரணமாக வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். மலேரியா நம் மக்களுக்குப் புதிய பெயர் அல்லவே!

கொய்னாக் காலம்

மலாயாவில் காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் நம் முன்னோர்களை வாரிக்கொண்டு போனது இந்தக் குளிர் காய்ச்சல்தான். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-ஆம் ஆண்டு இந்தியாவில், செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல், கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். காட்டை வெட்டியதால் வெயில் பட்ட மலை ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. அந்த ஓடைகளுக்கு எண்ணெய் தெளிக்க வேண்டியதாயிற்று. வடிகால் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், மூன்றாவதாகக் கொய்னா. அந்தக் கொய்னாவின் கசப்பைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. சிங்கப்பூர் 1982-இலேயே மலேரியா ஒழிந்த நாடு என்று பெயர் பெற்றது. மலேசியாவில் 2018-ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் ‘நோலசி’ மலேரியா இன்னும் இருக்கிறது. இயற்கையாகவே இது மனிதனைப் பிடிக்கும் என்பது 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் தெரிய வந்தது. சரவாக் மாநிலத்துக் காப்பிட் வட்டாரத்தில் இது ஏராளமாக இருப்பதைப் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 2004-இல் எடுத்துக் காட்டினார்கள். காட்டோரம், செம்பனைத் தோட்டம், புதிதாக வெட்டிய நிலம் ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே மலேரியா மருந்து நமக்குப் பழங்கதை இல்லை.

படிகம் என்றால் என்ன?

கற்கண்டைப் பார்த்திருக்கிறீர்கள். பட்டை தீட்டியதுபோல் பளபளப்பான முகங்கள். சர்க்கரையின் அணுக்கூட்டங்கள் கோடானுகோடியாக வரிசை பிசகாமல் அடுக்கி நிற்பதால் வந்த வடிவம் அது. இப்படி ஒழுங்காக அடுக்கப்பட்ட திடப்பொருளைத்தான் படிகம் என்கிறோம். உப்பும் படிகமே. நீங்கள் விழுங்கும் மாத்திரையில் உள்ள மருந்தும் பெரும்பாலும் பொடிப்பொடியான படிகங்களே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னஞ்சிறு கற்கண்டுகளாகத் தெரியும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே பொருளை ஒரே விதமாகத்தான் அடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விறகு அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இடைவெளியே இல்லாமல் இறுக அடுக்குவாள். இன்னொருத்தி குறுக்கும் நெடுக்குமாகத் தளர அடுக்குவாள். விறகு அதே விறகுதான். ஆனால் இறுக்கிய அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவுவது பிரயாசை. தளர்ந்த அடுக்கிலிருந்து சுலபமாக உருவிவிடலாம்.

பென்சிலில் இருக்கும் கரியும் நகைக்கடை வைரமும் ஒரே கரிமம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். அடுக்கு வேறு, குணம் வேறு. சாக்லெட்டை எடுத்துக்கொள்ளுங்களேன். வெயிலில் உருகிய சாக்லெட் மறுபடி இறுகும்போது மேலே வெள்ளை பூத்து, கடித்தால் பொரபொரவென்று இருக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளை அழும். உண்மையில் அதிலுள்ள கொக்கோ வெண்ணெய் வேறு விதமாக உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கொக்கோ வெண்ணெய்க்கு ஆறு விதமான படிக அடுக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றில்தான் சாக்லெட் வாயில் வைத்ததும் இதமாகக் கரையும்.

வீட்டில் காய்ச்சிய நெய்யும் அப்படித்தான். நிதானமாக ஆறினால் மணல் மணலாக உறையும்; சட்டென்று குளிரவைத்தால் மழமழவென்று இறுகும்.

கரையாதது இரத்தத்தில் சேராது

மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மாத்திரை வயிற்றுக்குள் போனதும் முதலில் உடைய வேண்டும். பிறகு கரைய வேண்டும். கரைந்தபின்தான் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேரும். மலேரியாக் கிருமி இருப்பதோ இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள். மருந்து அங்கே போய்ச் சேராவிட்டால் மாத்திரை விழுங்கியும் விழுங்காததும் ஒன்றுதான்.

கரைவது என்பது படிக அடுக்கிலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவி எடுப்பது போன்றது. தளர்ந்த அடுக்கு சீக்கிரம் கரையும். இறுகிய அடுக்கு மெள்ளக் கரையும். தண்ணீரில் தாராளமாகக் கரையும் மருந்துக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கரையவே அடம்பிடிக்கும் மருந்துக்குத்தான் இது உயிர் பிரச்சினை. மலேரியா மருந்துகளில் அப்படி அடம்பிடிப்பவை சில உண்டு.

ஒரு சீனப் பச்சிலையின் கதை

இன்று உலகெங்கும் மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளுக்குத் தாய், ஆர்ட்டிமிசினின். வியட்நாம் யுத்தத்தில் காட்டில் இருந்த வீரர்கள் மலேரியாவால் மடிந்தார்கள். பழைய மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. எனவே 1967-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி சீனா ஓர் இரகசிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தேதியை வைத்தே ‘523 திட்டம்’ என்று அதற்குப் பெயர். அதில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தூ யூயூ என்ற பெண்மணி.

அவர் பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். சிங்ஹாவ் என்ற பச்சிலை காய்ச்சலுக்கு ஆகும் என்று ஏடுகள் கூறின. ஆனால் இலையைக் காய்ச்சி இறக்கிய சாறு சரியாகக் கேட்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற வைத்தியர் எழுதிய நூலில், இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூவுக்குத் தோன்றியது. குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஈதர் திரவத்தைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலி மலேரியாவை முழுவதுமாக அடக்கியது. நோயாளிக்குக் கொடுக்கும் முன் அவரும் சகாக்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். 1972-இல் அந்தச் சாற்றிலிருந்து மருந்து சுத்தமான படிகமாகப் பிரிந்து வந்தது.

இனித்தான் நமக்கு வேண்டிய கட்டம். 1973-இல் அந்தப் படிகத்தை மாத்திரையாக இடித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் திருப்தியாக இல்லை. அத்தனை வருஷப் பாடும் வீண்தானா? மருந்தில் குற்றமா? அவர்கள் அவசரப்பட்டு மருந்தைத் தூக்கி எறியவில்லை. மாத்திரையைச் சோதித்தார்கள். பழைய இயந்திரத்தில் அழுத்திச் செய்த அந்த மாத்திரை சரியாக உடையவே இல்லை என்பது தெரிந்தது. அதே மருந்தைத் தூளாகக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. மாத்திரை சரியில்லாததற்காக மருந்தைக் கைவிட்டிருந்தால் உலகம் எத்தனை உயிர்களை இழந்திருக்கும்! தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பினாங்கில் கண்ட இரண்டு வடிவம்

ஆர்ட்டிமிசினின் படிகத்தைப் பற்றிய ஒரு முக்கிய ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். ஆர்ட்டிமிசினினை எந்தத் திரவத்தில் கரைத்துப் படிகமாக்குகிறோம் என்பதைப் பொறுத்து அது இரண்டு விதமாக அடுக்கிக்கொள்கிறது. ஒன்று செங்கல்லைப்போல் மூலைகள் நேராக நிற்கும் அடுக்கு. மற்றொன்று எல்லா மூலையும் சாய்ந்த அடுக்கு. இரசாயனத்தில் இரண்டுக்கும் அணுவளவு வித்தியாசம் கிடையாது. ஆனால் சாய்ந்த அடுக்குடைய படிகம் மற்றதைவிட வேகமாகக் கரைகிறது.

அப்படியானால் வேகமாகக் கரைவதையே எப்போதும் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. சீக்கிரம் கரையும் அடுக்கு சாதாரணமாக நிலையில்லாத அடுக்கு. தளர அடுக்கிய விறகு ஒருநாள் சரிந்து படிந்துவிடுவதுபோல், அதுவும் காலப்போக்கில் இறுகிய அடுக்காக மாறிவிடலாம். சூடும் ஈரமும் மாற்றத்தைத் துரிதப்படுத்தலாம். பாக்டரியில் நன்றாக இருந்த மருந்து கடை அலமாரியில் குணம் மாறினால் என்ன ஆவது? ஆகவே மருந்து செய்பவர்கள் கரையும் வேகத்தையும் நிலைத்து நிற்கும் தன்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இது ஓயாத தலைவலி.

மற்ற மருந்துகளில் பட்ட பாடு

மலேரியாவுக்கு வெளியே இரண்டு சம்பவங்களைச் சொன்னால் இதன் கனம் விளங்கும். டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் குளோரம்பெனிக்கால் பிரதான மருந்து. பயங்கரக் கசப்பு. குழந்தைகள் துப்பிவிடும். அதனால் கசப்பில்லாத ஒரு வகையைச் செய்து சிரப்பாகக் கலக்கினார்கள். அதற்கு வெவ்வேறு படிக வடிவங்கள். அவற்றில் ஒன்று குழந்தையின் குடலில் சேர்ந்தது. இன்னொன்று சரியாகச் சேரவில்லை. அம்மா கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள், குழந்தையின் இரத்தத்திலோ மருந்து போதுமான அளவு இருக்காது. 1967-இல் வந்த ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. அந்த உதவாத வடிவம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று பிறகு மருந்து விதிநூலில் எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது, எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான ரிட்டோனாவிர். 1996-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. 1998-இல் திடீரென்று அதுவரை யாரும் பார்த்திராத ஒரு புதிய படிக வடிவம் தோன்றியது. அது கரைவது மிகக் குறைவு. ஒரு முறை விதை விழுந்துவிட்டால் களை பரவுவதைப்போல், அந்தப் படிகம் எட்டிப்பார்த்த இடத்திலெல்லாம் நல்ல மருந்தையும் தன் வடிவத்துக்கு மாற்றியது. கேப்சூலையே நிறுத்திவிட்டு, மருந்தை வேறு விதத்தில் தயாரிக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து வந்த பாடம் வீண்போகவில்லை. பொறுப்பான கம்பெனிகள் மருந்தின் எடையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. எக்ஸ்ரே கதிரை மருந்துத் தூளில் பாய்ச்சி, எந்த அடுக்கு என்று கண்டுபிடிக்கிறார்கள். உடம்பின் சூடான 37 டிகிரியில் ஒரு பாத்திரத்தில் திரவத்தை வைத்து, மாத்திரையைப் போட்டுச் சுழற்றி, இத்தனை நிமிஷத்தில் இவ்வளவு கரைய வேண்டும் என்று அளக்கிறார்கள். 1970-இல் அமெரிக்க மருந்து விதிநூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது. பிறகு உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது. போலி மருந்து செய்பவன் இதில் எதையும் செய்வதில்லை.

அரைகுறை மருந்தின் ஆபத்து

மருந்து இரத்தத்தில் பாதியளவே சேர்ந்தால் பாதி நோயாவது குணமாகும் என்று நினைத்துவிடாதீர்கள். மெலிந்த கிருமிகள் சாகும், வலுத்தவை தப்பிக்கும். தப்பியவை பெருகி, மருந்துக்கு அடங்காத சந்ததியாகும். குளோரோகுவின் என்ற அருமையான மருந்து 1950-களின் கடைசியிலிருந்து இப்படித்தான் மெள்ள மெள்ளச் செல்லாக்காசு ஆயிற்று. தாய்லாந்து, கம்போடியா எல்லைப் பகுதியில் அது தொடங்கியது. அதே வட்டாரத்தில், மேற்குக் கம்போடியாவில், ஆர்ட்டிமிசினின் வகைக்கும் கிருமி முன்போல் சட்டென்று அடங்கவில்லை என்று 2008, 2009-ஆம் ஆண்டுகளில் செய்தி வந்தது. அது நமக்குத் தூரத்து ஊர் அல்ல.

இந்த ஆபத்தைத் தடுக்கவே ஆர்ட்டிமிசினின் வகை மருந்தைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொன்றோடு ஜோடி சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆர்ட்டிமீத்தரும் லூமிபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை அப்படிப்பட்டது. இதில் லூமிபான்ட்ரின் தண்ணீரில் கரையவே மறுக்கும், கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிடக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால் அது 16 மடங்கு அதிகமாக இரத்தத்தில் சேர்கிறது என்று கண்டிருக்கிறார்கள். பதினாறு மடங்கு! பாக்டரியில் எவ்வளவு கவனமாகப் படிகத்தைப் பார்த்துச் செய்தாலும், கடைசி வேலை நம் வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. இந்த மலேரியா மாத்திரை கொடுக்கப்பட்டால், ஒரு தம்ளர் பாலோ, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாடோ இல்லாமல் விழுங்காதீர்கள். காய்ச்சலில் சோறு இறங்காதவர்களுக்குப் பாலாவது கொடுங்கள்.

2. மூன்று நாளைக்கு ஆறு வேளை என்றால் ஆறு வேளையும் சாப்பிட வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுப் போகும். “நன்றாகிவிட்டது, மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்” என்று எடுத்து வைப்பது மகா தவறு. மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

3. மாத்திரையை அதன் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துப் போத்தலில் கொட்டி வைக்காதீர்கள். அடுப்புக்கு மேல் பலகை, குளியலறை, வெயிலில் நிற்கும் காரின் உள்பக்கம் – இந்த மூன்றும் மருந்துக்கு எமன். எந்த மருந்தையும் பொடிக்கலாமா, கூடாதா என்பதை மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கடையில் எந்த மருந்து வாங்கினாலும் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தையிலும் கைபேசியிலும் மலிவாக வரும் பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்.

5. “பச்சிலையிலிருந்துதானே மருந்து வந்தது, இலையையே கஷாயம் போட்டுக் குடித்தால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். இலையில் மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும். இரத்தத்தில் போதிய அளவு சேராது. உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை.

6. காட்டோரம் வேலைக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் பனடோலோடு நிறுத்தாதீர்கள். நோலசிக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும். இரண்டு நாள் தாமதமும் ஆபத்தாகலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், “காட்டோரத்தில் வேலை செய்கிறேன், இரத்தம் சோதித்துப் பாருங்கள்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து உங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரே பெயருள்ள இரண்டு மாத்திரைகளுக்குள் வித்தியாசம் இருக்க முடியுமா? முடியும். ஆனால் விலை அதிகமானது நல்லது, மலிவானது மட்டம் என்று அர்த்தமில்லை. முறையாகச் சோதித்துப் பதிவு செய்த மருந்து மலிவாக இருந்தாலும் நம்பிச் சாப்பிடலாம். ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காக அதைக் குறைவாக எண்ண வேண்டாம். சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பாட்டோடு சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். 1973-இல் சீனாவில் அந்த ஆராய்ச்சியாளர்களும் இப்படி விசாரித்துத்தான் மருந்தைக் காப்பாற்றினார்கள்.